தரை காயும் வரை

வியாழக்கிழமை காலையில் குழாய் ஈரமாக இருந்தது.

பிரஷர் வண்டியின் பின்கதவைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த ரப்பர் குழாயின் மேல் கை வைத்தார். சில்லென்றது. முந்தின நாள் புதன்கிழமை. புதன்கிழமை மெஷினுக்கு ஓய்வு. அன்றைக்கு அவர் மட்டும் பெட்ரோல் செலவு வேண்டாமென்று பஸ் பிடித்துப் போய், புதுத் தெருக்களில் வீடு வீடாக நோட்டீஸ் போட்டுவிட்டு வருவார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுருட்டிய குழாய், இந்த வெயிலில், இப்போது காய்ந்து கருவாடாகியிருக்க வேண்டும். அவர் குழாயை மோந்து பார்த்தார். புது சோப்பு வாசனை வந்தது.

பிரஷர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அழுத்தத் தண்ணீர் அடித்துத் தரையும் சுவரும் கழுவித் தரும் தொழிலால் வந்த பெயரும் அல்ல. மெஷின் வருவதற்குப் பல வருடம் முன்பே தெரு முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். ஒரு வார்த்தை பொறுக்காத மனிதர். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஒரு நாள், "இதைக் கொஞ்சம் நேரா அடுக்கலாமே" என்று சொல்லித் தொலைத்தார். இவர் தொப்பியைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கூரியர் கம்பெனியில் வண்டிச் சாவியை வைத்துவிட்டு வந்தார். சரக்குக் கிடங்கில் கையுறையை. இப்படி எல்லா இடத்திலும் எதையாவது வைத்துவிட்டு வந்ததில், கடைசியில் கழற்றி வைக்கக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மனைவி தையல் ஆலையிலிருந்து நின்றபோது கிடைத்த தொகை முழுவதும் இந்த மெஷினுக்குள் போயிருந்தது. "இதுல உங்களுக்கு மேல யாரும் இல்லை. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இதையாவது விடாதீங்க" என்று சொல்லித்தான் அவள் கொடுத்தாள். இதுவும் போனால் வீட்டில் விற்பதற்குப் பாத்திரம் பண்டம்தான் பாக்கி. அவள் தம்பி, அதாவது பிரஷரின் மச்சினன், குழாய் இழுக்கவும் தண்ணீர் பிடிக்கவும் கூட வந்தான். அவன் முன்பு கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தவன். அதிகம் பேச மாட்டான். பேசாதவர்களை பிரஷருக்கு எப்போதுமே பிடிக்கும். இந்த வியாழக்கிழமை வரைக்கும் பிடித்திருந்தது.

குறைந்த முதலில் தொழிலை வளர்க்க அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. அதைப் பற்றி அவருக்கே அசாத்தியப் பெருமை. பாசி பிடித்துக் கறுத்த வாசலாகப் பார்த்து, வீட்டுக்காரரைக் கேட்டு, நடுவில் ஒரு சதுரத்தை மட்டும் இலவசமாகக் கழுவிவிட்டு வந்துவிடுவார். அந்த ஒரு சதுரம் வெள்ளை வெளேரென்று நின்று வீட்டுக்காரரின் நிம்மதியைக் கெடுக்கும். அதுவரை அழுக்கு கண்ணில் படாமல் வாழ்ந்த குடும்பம், அதற்குப் பிறகு வேறு எதையும் பார்க்க முடியாமல் போன் செய்துவிடும்.

போன் வந்தது மனைவிக்கு. நோட்டீஸில் அவள் நம்பர்தான் இருந்தது. மெஷின் இரைச்சலில் இவருக்கு ஒன்றும் கேட்காது என்பது எல்லோருக்கும் சொன்ன காரணம். பேரம் பேசுகிறவர்களிடம் இவர் எகிறிவிடுவார் என்பது சொல்லாத காரணம்.

வேலையிலும் அவர் சளைத்தவர் இல்லை. துப்பாக்கி போன்ற கைப்பிடியின் முனையில் மாட்டும் நாசில்கள் பல நிறத்தில் இருந்தன. மஞ்சளும் பச்சையும் தண்ணீரை விசிறி போல விரித்து அடிக்கும். சிவப்பு ஊசி போல ஒரே தாரையாக அடிக்கும். அவருக்குச் சிவப்புதான். அழுக்கு கண்ணெதிரே கிழிந்து ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

"மாமா, மஞ்சள் போட்டுப் பாக்கலாமா?" என்று மச்சினன் ஆரம்பத்தில் ஒரு முறை கேட்டான்.

"தொழில் யாரோடது மாப்ள? என்னோடதா, உன்னோடதா?"

அதோடு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். தரை முழுக்க ஈரத்தில் புதுசு போல மின்னும்போதே காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவது பிரஷரின் வழக்கம். ஓர் இடத்தில் நின்று கொண்டிருந்தால் தொழில் எப்படி வளரும்?

ஆகவே, ஈரக் குழாய். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் மெஷினின் பெட்ரோல் டேங்கில் குச்சி விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறி வைத்தார். புதன் கழிந்ததும் விட்டுப் பார்த்தால் பெட்ரோல் கீறலுக்குக் கீழே போயிருந்தது. வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் வாங்கும்போதே செத்துப் போயிருந்தது. அதைச் சரி செய்யாமல் மிச்சம் பிடித்ததற்காக முதன்முறையாகத் தன்னையே நொந்துகொண்டார்.

மனைவியின் போக்கும் சரியில்லை. போன் வந்தால் கொல்லைப்பக்கம் போனாள். ஒரு நாள் இவர் கொல்லைக் கதவில் காதை வைத்துக் கேட்டார். "சரிங்க... கண்டிப்பாங்க... இந்த வாரமே முடிச்சுடறோங்க" என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றார், அவள் உள்ளே வந்ததும்.

"ராங் நம்பர்."

ராங் நம்பர்காரனிடம் யாராவது இந்த வாரமே முடிப்பதாகச் சொல்வார்களா? பிரஷர் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்பை எடுக்கும் சாக்கில் எழுந்து போனாள்.

அதற்கப்புறம்தான் அது கிடைத்தது. வண்டியில் பழைய சாக்குக்கு அடியில், குப்புறக் கவிழ்த்த பெரிய மூடி போல வட்டமாக ஒரு சாமான். அடியில் சுழலும் இரட்டை நாசில், பக்கத்தில் சின்னச் சக்கரங்கள். தரையில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனால் சமமாகக் கழுவும் தட்டு. பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். இவர் வாங்கவில்லை. மனைவி வாங்கியதாகச் சொல்லவில்லை. அப்படியென்றால் மச்சினன் சொந்தக் கம்பெனி வைக்க ஒவ்வொரு சாமானாகச் சேர்க்கிறான். என் வண்டி, என் மெஷின், என் தண்ணீர். கூட என் பெண்டாட்டி. அக்காவும் தம்பியும் சேர்ந்து முதுகில் குத்துகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகமறத் தோன்றியது. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. அது வருவதற்குள் கோபம் வந்துவிட்டது.

சாக்கை முன்பிருந்தது போலவே மூடி வைத்தார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அந்த வாரமே மனைவி ஒரு சேதி சொன்னாள். "பல் டாக்டரம்மா பேசினாங்க. அவங்க இருக்கற குடியிருப்புக்கு அவங்கதான் தலைவியாம். எல்லா வீட்டு வாசலும், நடைபாதையும், வருஷம் பூரா நாமளே கழுவற மாதிரி பேசலாம்னாங்க."

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வாசலைச் சில வாரங்களுக்கு முன் இவர்தான் கழுவினார். டாக்டர் நோயாளியோடு உள்ளே இருந்ததால் பார்க்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண்தான் பணம் கொடுத்தாள். குடியிருப்பு கிடைத்தால் வருடம் முழுக்க அடுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ரெண்டாவது மெஷினைப் பற்றிக்கூட நினைத்துப் பார்க்கலாம்.

"நான் போய்ப் பேசறேன்" என்றார்.

"நீங்க எதுக்கு?" அவள் அவசரமாகச் சொன்னாள். "தம்பி போகட்டும். அவன் பொறுமையாப் பேசுவான்."

சரிதான், என்று பிரஷர் நினைத்தார். பந்தியில் உட்காரும்போது என் இலையை இழுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை அவர் நோட்டீஸ் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, தெருமுனை டீக்கடையில் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒரு முறை பார்த்தார்.

"பேப்பர் தலைகீழா இருக்கு."

"எனக்கு அப்படித்தான் பழக்கம்."

கொஞ்ச நேரத்தில் மச்சினன் வந்தான். மனைவியே கேட்டைத் திறந்துவிட்டாள். வண்டி வெளியே வந்தபோது அவள் ஜன்னல் வழியாக அவனிடம் என்னவோ சொல்லி, கையைப் பிடித்து அழுத்தினாள். பிரஷர் பேப்பரைக் கசக்கிப் போட்டார். டீக்கடைக்காரரின் சைக்கிளைக் கேட்டும் கேட்காமலும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வண்டி சீக்கிரமே கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் திருகு ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. புதுசு வாங்கக் காசு வேண்டாமென்று அவர்தான் துணியைச் சுற்றி வைத்திருந்தார். துணியையும் மீறிச் சொட்டிய தண்ணீர் தார் ரோட்டில் கறுப்புப் பொட்டுகளாக விழுந்துகொண்டே போயிருந்தது. வெயில் அதைக் குடிப்பதற்குள் பிடிக்க வேண்டும். அவர் குனிந்த தலை நிமிராமல் மிதித்தார். பெரிய ரோட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்துச் சந்தில் திரும்பி, மருந்துக்கடை பக்கம் போனதும் எங்கே போகிறது என்பது புரிந்துவிட்டது. அந்தத் தெருவில்தான் பல் ஆஸ்பத்திரி.

மதில் ஓரம் வண்டி நின்றது. உள்ளே வாசலில் பாதி ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த வட்டத் தட்டு நடுவில் நின்றது. மச்சினனைக் காணோம். பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. என் கையால் கழுவிய வாசலையே இன்னொரு முறை கழுவி இன்னொரு கூலியா? பிரஷர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட ஒரு பெண்மணி படியிறங்கி வந்தார். டாக்டரம்மா. அவர் கண் பிரஷரின் முகத்தில் நிற்கவில்லை. தோளில் தொங்கிய நோட்டீஸ் கட்டில் நின்றது.

"நீங்க இவங்களுக்கு நோட்டீஸ் போடறவரா? நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க முதலாளி பின்னாடி தண்ணி பிடிக்கப் போயிருக்காரு."

"முதலாளியா?"

"ஆமா, அவர்தான். அதிகம் பேச மாட்டாரே. தங்கமான மனுஷன். வேற யாராவதா இருந்தா காசு வாங்கினதோட போனையே எடுத்திருக்க மாட்டாங்க. உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா எவ்வளவு மரியாதையா மன்னிப்புக் கேட்டாங்க தெரியுமா?"

பிரஷர் வாயைத் திறந்தார். வர வேண்டிய வசவு வரவில்லை. "எதுக்குங்க மன்னிப்பு?" என்றுதான் வந்தது.

"இங்க வாங்க." டாக்டரம்மா அவரை இன்னும் கழுவாத பாதிக்குக் கூட்டிப் போனார். "இதுக்குத்தான். கழுவின அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஈரத்துல எல்லாம் ஒரே நிறமாத் தெரிஞ்சுது. மறுநாள் காலைல வந்து பாத்தா இப்படி. பல் விளக்கறேன்னு பிரஷ்ஷை ஒரே கோடா இழுத்துட்டு விட்ட மாதிரி."

காய்ந்த தரை முழுக்கக் கோடுகள். வெள்ளைக் கோடு, அழுக்குக் கோடு, வெள்ளைக் கோடு, அழுக்குக் கோடு. சிவப்பு நாசில் போன இடமெல்லாம் விரல் அகலத்துக்கு வெள்ளை. போகாத இடமெல்லாம் பழைய கறுப்பு. பிரஷர் அதைப் படித்துக்கொண்டே போனார். இது கை வலித்து இடக்கைக்கு மாற்றிய இடம். இது மச்சினனை "குழாயை விடுடா" என்று திரும்பிக் கத்திய இடம். கோடு அங்கே வளைந்து ஓடியிருந்தது. படிக்கு முன்னால், பிசுக்கு போகவில்லையென்று ஒரே இடத்தில் அடித்துக்கொண்டு நின்றதில், சிமெண்டு பெயர்ந்து உள்ளங்கை அளவு பள்ளம். அவர் இத்தனை மாதத்தில் முழுசாகக் கழுவிய ஒரு தரையைக்கூடக் காய்ந்த பிறகு பார்த்ததில்லை. அது அந்த நிமிஷம்தான் அவருக்கே உறைத்தது.

"மத்தது போயிடும், இந்தப் பள்ளம் மட்டும் போகாதாம்" என்றார் டாக்டரம்மா. "புதுசா சேந்த ஆள் பண்ணினதாம். கூட்டிட்டு வாங்க, நானே கேக்கறேன்னு சொன்னேன். உங்க முதலாளி வேண்டாம்னுட்டாரு. 'நல்ல உழைப்பாளிங்க. ஆனா ஒரு வார்த்தை குறை சொன்னா எல்லாத்தையும் வெச்சுட்டுப் போயிடுவாரு. வீடு அதை நம்பித்தான் இருக்கு. நானே திருத்திக் குடுத்துடறேன்'னாரு. குடியிருப்பு வேலையை உங்களுக்கே குடுக்கலாம்னு பாக்கறேன். ஒரே ஒரு கண்டிஷன். அந்த ஆள் மெஷினைத் தொடக் கூடாது."

பிரஷரின் உடம்பில் அந்தப் பழைய சூடு ஏறியது. தொப்பியைக் கழற்றிய அன்றைக்கும் கையுறையைக் கழற்றிய அன்றைக்கும் ஏறிய அதே சூடு. சட்டைப்பையில் வண்டியின் இன்னொரு சாவி இருந்தது. கை தானாகவே அதைத் தேடிப் போனது. பின்பக்கத்திலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வந்த மச்சினன் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்வை முகத்துக்குப் போகவில்லை. சாவி இருந்த கைக்குத்தான் போனது. பால் பொங்கப் போகிற அடுப்பைப் பார்ப்பதுபோல அந்தக் கையையே பார்த்தான்.

பிரஷருக்கு வெட்கமாக இருந்தது. தரைக்காகக்கூட இல்லை. இவன் இந்தக் கையை எத்தனை நாளாக இப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அவளும் தையல் ஆலைப் பணத்தைக் கொடுத்த நாளிலிருந்து எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அதை நினைத்துத்தான்.

"டாக்டரம்மா," என்றார். "அந்தப் புது ஆள் நான்தாங்க."

டாக்டரம்மா மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்தான்.

"இன்னும் எங்கெல்லாம் சரியில்லை? காட்டுங்க."

டாக்டரம்மா தயவு தாட்சண்யம் பார்க்கிறவர் அல்ல. வாய்க்குள் விளக்கடித்துச் சொத்தை தேடிப் பழகியவர், வாசலில் விடுவாரா? மதில் ஓரம் தெறித்த சேறு, கதவடியில் உரிந்த பெயின்ட், நனைந்து வாடிய செடி, வரவேற்புப் பெண்ணிடம் பேசிய தோரணை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பிரஷர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். ஒவ்வொரு "சரிங்க"வும் மீன் முள்ளாகத் தொண்டையில் சிக்கிச் சிக்கித்தான் வெளியே வந்தது. ஆனாலும் வந்தது.

அவர் முடித்ததும் பிரஷர் சாவியை வெளியே எடுத்தார்.

"மாமா," என்றான் மச்சினன்.

பிரஷர் நேராக வண்டிக்குப் போய், சாவியைப் போட்டுத் திறந்து, ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். மச்சினன் தட்டைத் தள்ள, இவர் பின்னால் குழாயை இழுத்தார். கடைசி ஓரத்தை மட்டும் மச்சினன் அவரிடம் கொடுத்தான். "அவசரப்படாம தள்ளுங்க மாமா. அதுவே பாத்துக்கும்." அவர் அவசரப்படாமல் தள்ளினார். அழுக்கு கிழிந்து ஓடும் காட்சி எதுவும் இல்லை. ருசியே இல்லாத வேலையாக இருந்தது.

மெஷினை ஏற்றிவிட்டு மச்சினன் முன்சீட்டில் ஏறப் போனான்.

"இரு," என்றார் பிரஷர். "காயட்டும்."

இருவரும் மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். ஈரம் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு போவதை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"எத்தனை வீட்டுல இப்படித் திருத்தினே?"

"எல்லாத்துலயும் இல்லை மாமா."

"எத்தனை?"

"முக்கால்வாசி."

"தட்டு?"

"என் கூலில வாங்கினேன். உங்களுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவீங்கன்னு சாக்குல போட்டு வெச்சேன்."

"முதலாளின்னு நீயா சொன்னியா?"

"அவங்களாக் கூப்பிட்டாங்க. நான் ஆமான்னு சொல்லலை."

"இல்லைன்னு சொன்னியா?"

"அதுவும் சொல்லலை," என்றான் மச்சினன். அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு தெரிந்ததா இல்லையா என்று பிரஷரால் தீர்மானிக்க முடியவில்லை. அந்தச் சந்தேகத்தை அவர் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட முடியுமா?

தரை காய்ந்தது. ஒரே சீராக, கோடு இல்லாமல் காய்ந்தது. படிக்கு முன்னால் அந்தப் பள்ளம் மட்டும் அப்படியே கிடந்தது. டாக்டரம்மா வந்து, செருப்பு நுனியால் இங்கும் அங்கும் தேய்த்துப் பார்த்தார்.

"முதல்ல ஒரு வரிசை வீடு. காஞ்சப்புறம் நான் வந்து பாப்பேன். அப்புறம்தான் மத்தது." படியேறும்போது திரும்பினார். "மெஷினை யாரு பிடிக்கறதுன்னு கேக்க மாட்டேன். ஆனா பாத்தாலே தெரிஞ்சுடும்."

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டிலேயே நின்றாள். மச்சினன் போனில் சொல்லியிருக்க வேண்டும். அவளும் முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள். சாவி கையிலேயே இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் நோட்டீஸ் கட்டைத் தரையில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புதுசாக அச்சடிக்கக் காசு கிடையாது. ஒவ்வொன்றிலும் அவள் நம்பரைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தன் நம்பரை எழுத ஆரம்பித்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"குறை சொல்றவங்கதான் அதிகம் கூப்பிடுவாங்க," என்றாள். "தாங்குவீங்களா?"

"தெரியலை," என்றார் பிரஷர், தலை நிமிராமல். "நீயும் இதுல கொஞ்சம் எழுது."

அவள் உட்கார்ந்து இன்னொரு பேனாவை எடுத்தாள்.